வெள்ளைக் கவுனுக்கு வைத்த ஐந்து கண்ணி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஐந்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். அதற்குப் பிறகு கையில் பிடித்ததெல்லாம் நூலும் ஊசியும் அகப்பையும்தான். ஒன்றைச் சொல்லப் போகும்போது இன்னொன்று மறந்துபோகிறது. நாலு பேர் எதிரில் வாய் திறந்தும் பழக்கமில்லை. மாதர் கூட்டத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் நான் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வது உங்களுக்கே தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன். என் வயதுள்ளவர்கள், அந்தப் பழைய சர்ச்சில் பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள், கோணலைப் பார்க்காமல் படியுங்கள்.

இத்தனை வருடம் கழித்து எழுத வைத்தது பக்கத்து வீட்டுப் பெண். நான் இப்போது மகன் வீட்டில் செவிலிமேட்டில் இருக்கிறேன். அந்தப் பெண் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறாள். அடுத்த மாதம் கல்யாணம். கவுன் போனிலேயே வாங்கியிருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனேன். கூடம் முழுக்க வெள்ளைத் துணி. நடுவில் அவள் ஊசியோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே சுவரில் சாய்த்துவைத்த போனில் ஒரு வெள்ளைக்காரப் பெண் எதையோ செய்து காட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாமா பண்ற?"

"இதுக்கு 'பஸ்ஸில்'னு பேரு ஆயா, கவுன் வாலத் தூக்கி மாட்டறது. நானே போட்டுக்கினு இருக்கேன். சர்ச்சுக்குள்ள வால் நீட்டா விழணும், ரிசப்ஷன்ல டான்ஸ் ஆடறப்ப தூக்கிக் கட்டிக்கணும். டெய்லருக்கு இன்னான்னே தெரியல. இது புது மாடல் ஆயா, உங்களுக்குப் புரியாது."

இடுப்புக்குப் பின்னால் லேஸ் மறைவில் சின்னச் சின்னப் பித்தான். வாலின் மேலே நூலால் கண்ணி. கண்ணியைத் தூக்கிப் பித்தானில் மாட்டினால் வால் மடிப்பு மடிப்பாக மேலே ஏறி நிற்கும். மூன்று கண்ணி வைத்திருந்தாள்.

"மூணு தாங்காதுமா. அஞ்சு வை" என்றேன்.

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "உங்களுக்கு எப்டி ஆயா தெரியும்?"

"சும்மா சொன்னேன்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

எனக்குத் தெரியும். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு மழைக்காலத்தில், என் அக்கா அதை யாரும் சொல்லித்தராமல் கண்டுபிடித்தாள். அதை நான் கெடுத்தேன். கெடுத்ததற்கு இன்றுவரை நான் மன்னிப்புக் கேட்டதில்லை, கேட்கப்போவதும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் எனக்குத் தெரிய வேண்டும். அது உங்களில் ஒருவருக்குத் தெரிந்திருக்கலாம்.

எங்கள் வீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. அப்பாவின் அப்பா வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் குனிந்தவர்கள். அப்பாதான் முதல் ஆளாகத் தறிக்குப் போனார். சின்ன காஞ்சிபுரத்தில் ஒருவர் கொட்டகையில் கூலிக்கு நெய்தார். அம்மாவும் நானும் பாவு புணைக்கப் போவோம். புணைப்பு என்றால், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் முடியும் இடத்தில் புதுப் பாவைச் சேர்ப்பது. ஒவ்வொரு இழையாகச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இழை. முடிச்சுப் போடக் கூடாது, போட்டால் அச்சுக்குள் நுழையாமல் மாட்டிக்கொள்ளும். விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய நுனியையும் புது நுனியையும் சேர்த்து ஒரு உருட்டு, ஒரு மடக்கு. அவ்வளவுதான். நேராக இழுத்தால் அசையாது, அப்படியே பிடித்துக்கொள்ளும். ஆனால் பக்கவாட்டில் உரசி உரசி ஆட்டினால் திரும்பி உருண்டு விட்டுவிடும். இது நெய்கிற ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். "இந்தச் சின்னதோட வெரலு மெசினுபா" என்று கொட்டகைக்காரர் என்னைச் சொல்வார். எனக்கு இருந்த ஒரே பெருமை அது.

அக்காவுக்குப் பத்தொன்பது வயது. அவளுக்குத் தறி பிடிக்காது, ஊசிதான். சர்ச்சுத் தையல் வகுப்பில் கற்றுக்கொண்டாள். இப்போது பாஸ்டரம்மா என்கிறீர்களே, அப்போது ஐயரம்மா என்போம். அந்த ஐயரம்மா வீட்டில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதற்குள்தான் கவுன். ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்கார டீச்சரம்மா சபைப் பெண்களுக்கென்று விட்டுப்போனது. சபைக்கு என்றுதான் கொடுத்தார், ஆனால் சாவி ஐயரம்மா இடுப்பில் இருந்தது.

அந்தக் கவுனை நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். சாட்டின் துணி, தொட்டால் தண்ணீரைத் தொட்டது போலக் குளிரும். வால் இரண்டு பாய் நீளம். பெட்டியைத் திறந்தால் அந்துருண்டை வாசனையும் பழைய பவுடர் வாசனையும் சேர்ந்து வரும். ஒவ்வொரு கல்யாணம் முடிந்தும் அதை அலசி, கஞ்சி போடாமல் நிழலில் காயவைத்து, கரி இஸ்திரிப் பெட்டியால் துணி போட்டுத் தேய்த்து, விட்டுப்போன லேஸை ஒட்டவைத்து மடித்து வைத்தது அக்கா. கல்யாணத்தன்று மணமகளுக்குப் பின்னால் வாலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நடந்ததும் அக்கா. ஐந்து வருடம் பிடித்தாள். அவளை முகம் பார்த்து எடுத்த போட்டோ ஒன்றுகூட இருக்காது. எல்லாவற்றிலும் உச்சந்தலைதான் தெரியும்.

அந்த வருடம் அவளுக்கும் கல்யாணம் முடிவாயிற்று. மாப்பிள்ளை முசரவாக்கம். அக்கா வீட்டில் எதுவும் கேட்கவில்லை. நகை கேட்கவில்லை. பட்டு நெய்கிற அப்பாவிடம் பட்டுகூடக் கேட்கவில்லை. அந்தக் கவுனை ஒரு நாள் போட்டுக்கொள்ள வேண்டும் என்றாள். அது ஒன்றுதான்.

அம்மா பயந்துகொண்டே கூட்டிப்போனாள். நான் பின்னால் போனேன். ஐயரம்மா படியில் நின்று கேட்டார், நாங்கள் கீழே நின்றோம்.

"உங்க தெரு எப்படி இருக்கு இப்ப? முழங்கால் சேறு. அப்புறம் அந்த கிராமத்துக்கு வரப்புல நடந்து போகணும். அந்த வாலு என்ன ஆகும்? நீயே சொல்லு, தொவைக்கிறவ நீதானே?"

அக்கா திரும்பி வரும் வழியெல்லாம் சேற்றையே பார்த்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் பழைய வேட்டியை எடுத்து என் இடுப்பில் ஊக்குக் குத்தித் தொங்கவிட்டாள். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். இரண்டு நாள் நான் அப்படியே நின்றேன், கால் கடுத்துப்போயிற்று. வேட்டியில் கண்ணி வைத்து, பாவாடை நாடாவில் பித்தான் வைத்து, ஒரு கண்ணியில் ஆரம்பித்தாள். தொங்கிற்று. மூன்று வைத்தாள். நடுவில் நின்றது, இரண்டு பக்கமும் வழிந்தது. ஐந்து வைத்தாள். மாட்டினாள். வேட்டி அப்படியே ஏறி, தாமரை இதழை அடுக்கினாற்போல என் முதுகுக்குக் கீழே உட்கார்ந்தது. தரையைத் தொடவில்லை.

"நடடி" என்றாள். தெருச் சேற்றில் நடந்தேன். அத்தை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி இது? பொட்டக் கோழி முட்ட வெக்க எடம் தேடிக்கினு போற மாதிரி இருக்குது!"

தெருவே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். வேட்டியின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள். ஒரு பொட்டுச் சேறு இல்லை.

மறுபடியும் போனோம். இந்த முறை வேட்டியோடு. ஐயரம்மா என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. அவருடைய மகளுக்கே அந்த மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள். சர்ச்சிலிருந்து பள்ளிக்கூட மைதானத்துப் பந்தலுக்கு மகளும் சேற்றில்தானே நடக்க வேண்டும்?

"சரி பொண்ணே. வர்ற புதன்கிழமை என் மகளுக்குக் கல்யாணம். முதல்ல அவளுக்கு இதைத் தச்சுக் குடு. பந்தியில உக்கார்ற வரைக்கும் தாங்குச்சுன்னா, அடுத்த புதன் உன் கல்யாணத்துக்கு நீ போட்டுக்கோ. போதுமா?"

அக்கா அங்கேயே மண்டிபோட்டுவிட்டாள். அம்மா வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சாயங்காலத்துக்குள் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. நம் தெருவிலிருந்து முதல் பெண் அந்தக் கவுனைப் போடப்போகிறாள் என்று பக்கத்துத் தெருக்காரர்கள்கூட வந்து கேட்டுப்போனார்கள். அப்பா மட்டும் "பெரியவங்க மனசு பெருசு" என்றார். அப்பாவுக்கு மனிதர்களைத் தெரியாது. தறியைத்தான் தெரியும்.

ஐயரம்மா வீட்டுப் பின்பக்கத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தைத்தோம். உள்ளே விடவில்லை. பாயின் மேல் சலவைத் துப்பட்டி, அதன் மேல் கவுன். தொடும் முன் மூன்று தரம் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னார். கழுவிவிட்டு வந்ததும் "நீட்டு" என்றார். நீட்டினோம். குனிந்து எங்கள் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். அக்கா அதைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு அந்த வாரம் எதுவுமே பெரிதாகப்படவில்லை. தைக்கும்போது வாய்க்குள் பாடிக்கொண்டே இருந்தாள்.

கண்ணிக்கு அப்பா தறியில் மிஞ்சிய வெள்ளைப் பட்டு நூல் கொண்டுவந்திருந்தோம். மெலிசு, ஆனால் பலம். நூலை வாலின் மேல்புறம் வளைவாக விட்டு, இரண்டு நுனியையும் துணிக்குள் இறக்கி, உள்பக்கம் முடிச்சுப் போட வேண்டும். பித்தான் ஐந்தையும் அக்கா தைத்தாள். கண்ணியில் நடுவில் ஒன்றும் வலப்பக்கம் இரண்டும் அவள். இடப்பக்கம் இரண்டும் என்னிடம் விட்டாள். "உன் வெரலு என் வெரல விட நல்லா ஓடும். மூணு முடிச்சு போடு. அவுந்துடக் கூடாது, இன்னா?" என்றாள். அவள் வலப்பக்கத்தை ஆரம்பிக்கும்போது என்னைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினாள்.

சமையலறை ஜன்னலுக்குக் கீழே தொட்டி. நான் சொம்பை முக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே ஐயரம்மாவும் மகளும் முந்திரிப்பருப்பு உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மம்மி, அடுத்த வாரம் நிஜமாவே அவளுக்குக் குடுத்துடப் போறீங்களா?"

"கையில ஊசி இருக்கிறப்ப ஏதாவது சொல்லி வேலை வாங்கணும் இல்ல? தச்சு முடிக்கட்டும். அவளுக்கு ஒரு வெள்ளைப் புடவை போதும். அவ உடம்புல பட்டு அந்தத் தெருவுல நடந்துட்டு வந்தா, அப்புறம் நம்ம வீட்டுப் பொண்ணுங்க யாரு அதைத் தொடுவாங்க?"

மகள் சிரித்தாள். சத்தமாக இல்லை. வாயில் முந்திரி வைத்துக்கொண்டு மூக்கால் சிரிக்கிற சிரிப்பு. அம்மாவின் பேச்சைவிட எனக்கு அந்தச் சிரிப்புத்தான் நெஞ்சில் தங்கியது. அந்த மகளுக்கு இப்போது எண்பது இருக்கும். உயிரோடு இருந்து, உங்களில் யாருக்காவது பழக்கமாக இருந்தால், இதை அவருக்கு நிறுத்தி நிதானமாக வாசித்துக்காட்டுங்கள்.

தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்றேன். அக்கா பாடிக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. வேறு பிள்ளையாக இருந்தால் சொல்லியிருக்கும். எனக்கு வாய் கிடையாது, விரல்தான்.

தாழ்வாரத்து ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி ஆறிக்கிடந்தது. அதிலிருந்த சாம்பலை விரல் நுனியில் தொட்டுக்கொண்டேன். இடப்பக்க வாலை மடியில் போட்டு, நுனிகளை உள்ளே இறக்கினேன். முடிச்சுப் போடவில்லை. ஒரு உருட்டு, ஒரு மடக்கு. இரண்டு கண்ணிக்கும் புணைப்புப் போட்டேன். பத்து வயதுப் பிள்ளையின் கணக்கு என்ன என்றால், நடக்க நடக்க இடப்பக்கம் இரண்டும் விடும், வால் ஒரு பக்கமாகத் தொங்கும், மாப்பிள்ளை வீட்டார் பார்த்து மூக்கால் சிரிப்பார்கள். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது.

முடித்ததும் அக்கா வாலின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். என் இரண்டு கண்ணியின் மேலும் விரலை வைத்துத் தடவினாள். என் விரல் சாம்பல் ஒட்டி அங்கே லேசாக ஒரு தீற்றல். என்னைப் பார்த்தாள். பிறகு தையல்காரச் சுண்ணக்கட்டியை எடுத்து அந்தத் தீற்றல் மேல் தேய்த்து வெள்ளையாக்கினாள். "போய் வெளாடு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றாள். கறையை மட்டும்தான் பார்த்தாள் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஐயரம்மா வந்து ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்து இழுத்தார். நேராக இழுத்தார். என்னுடையதையும் இழுத்தார். ஐந்தும் நின்றது.

"உறுதியாத்தான் இருக்கு" என்றார். பட்டணத்துக்காரர், அவருக்குப் புணைப்பு தெரியாது.

புதன்கிழமை விடிந்து மழை. ஆராதனை ஆரம்பிக்கும்போது விட்டது. சர்ச்சு வாசலிலிருந்து பந்தல் வரைக்கும் பலகை போட்டிருந்தார்கள், அதுவும் சேற்றில் அமுங்கிப்போயிருந்தது. பந்தலிலிருந்து கறிக்குழம்பு வாசனை. உள்ளே வால் நீளமாக விழுந்து கிடந்தது. அக்கா வழக்கம்போலக் குனிந்து பிடித்து நடந்தாள். முடிந்ததும் கதவோரம் ஐந்து கண்ணியையும் தூக்கி மாட்டினாள். வால் ஏறி உட்கார்ந்தது. மணமகள் வாசலுக்கு வந்தபோது பெண்கள் எல்லாரும் 'ஆ' என்றார்கள். "மயிலு தோகைய மடிச்சிக்கினு வர மாதிரி இருக்குதுமா" என்று யாரோ சொன்னார்கள். ஐயரம்மா சும்மா சிரித்துக்கொண்டிருந்தார். யார் தைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நான் மைதானத்து ஓரத்துக் கைப்பம்பைக் கட்டிக்கொண்டு நின்று அவள் நடப்பதை எண்ணிக்கொண்டிருந்தேன். மணமகளுக்கு இடுப்பை ஆட்டி நடக்கிற பழக்கம். ஆடு, இன்னும் ஆடு என்று மனதுக்குள் சொன்னேன். பத்து அடி. இருபது அடி. ஒன்றும் ஆகவில்லை. என் விரல் மேல் எனக்கே கோபம் வந்தது. பந்தலுக்குப் பக்கத்தில் போட்டோக்காரர் நிறுத்தினார். மாப்பிள்ளையின் அம்மா மாலை போட வந்தார். மணமகள் குனிந்து நிமிர்ந்தாள்.

வால் விழுந்தது. ஒரு பக்கம் இல்லை, மொத்தமாக. மூட்டை அவிழ்ந்தது போல இரண்டு பாய் நீளமும் சேற்றில் விரிந்து படுத்தது. அவளுக்குத் தெரியவில்லை, ஒரு அடி எடுத்துவைத்தாள். பின்னால் நின்ற மாப்பிள்ளை வாலின் மேல் காலை வைத்தார். டர்ரென்று இடுப்பில் ஒரு சத்தம். மணமகள் பின்பக்கமாகச் சாய்ந்து அப்படியே சேற்றில் உட்கார்ந்தாள். செஞ்சேறு சாட்டினில் ஏறுவதை நான் பார்த்தேன். மாப்பிள்ளைத் தோழன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டான். மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி மூக்கால் சிரித்தாள்.

பொய் சொல்ல மாட்டேன். அந்த நிமிஷம் தேன் குடித்தாற்போல இருந்தது. எனக்குக் கல்யாணம் ஆயிற்று, பிள்ளை பிறந்தது, எல்லாம் நல்லபடி நடந்தது. அந்த ருசி மட்டும் திரும்ப வரவில்லை.

ஆனால் அடுத்த நிமிஷமே போய்விட்டது. மகளைத் தூக்கி நிறுத்திவிட்டு ஐயரம்மா அக்காவைத் தேடினார். அக்கா தள்ளி நின்றுகொண்டிருந்தாள். சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"பாத்தியா? அடுத்த வாரம் உனக்கு இதைக் குடுக்கணும்னு மனசார நெனச்சிருந்தேன். கர்த்தருக்குத் தெரியும். நீயே கெடுத்துக்கிட்டியேம்மா!"

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். "ஐயோ, குடுக்கறதா இருந்தாங்களாமே" என்று நம் தெருப் பெண்களே உச்சுக்கொட்டினார்கள். கொடுக்க நினைக்காததைக் கொடுக்க நினைத்ததாகச் சொல்ல அந்த அம்மாவுக்கு நான்தான் வழி செய்துகொடுத்தேன். ஓடிப்போய்க் கத்தியிருக்க வேண்டும். கைப்பம்பை விட்டு நான் நகரவில்லை.

சாயங்காலமே அம்மா அக்காவை இழுத்துக்கொண்டு போய் ஐயரம்மா வாசலில் மன்னிப்புக் கேட்க வைத்தாள். கையில் ஒரு பூசணிக்காயும் முட்டையிடுகிற கோழியும் வேறு. ஐயரம்மா இரண்டையும் வாங்கிக்கொண்டார். கவுனை அக்காதான் துவைத்தாள். இரண்டு நாள். என்னைப் பக்கத்தில் விடவில்லை. நான் எட்டிப் பார்த்தபோது பித்தானையும் கண்ணியையும் ஏற்கெனவே வெட்டி எடுத்துவிட்டிருந்தாள்.

அடுத்த புதன் அக்கா வெள்ளை நூல் புடவையில் கல்யாணம் செய்துகொண்டாள். "புடவைதான் நம்ம பெண்களுக்கு அழகு" என்று ஐயரம்மா தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். முசரவாக்கத்துக்கு வரப்பில் நடக்கும்போது அக்கா புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் போனாள்.

அதற்குப் பிறகு வருடக்கணக்காக இதே பேச்சு. "கைக்கு வந்த கவுனு, அவ தையலாலயே போச்சு." அம்மா சாகும் வரைக்கும் சொன்னாள். என் மகன் கல்யாணத்தில்கூட ஒரு கிழவி சொன்னாள். ஒவ்வொரு தடவையும் என் நாக்கு நுனிக்கு வரும். ஒவ்வொரு தடவையும் விழுங்கிவிடுவேன். பழி வாங்கியதில் எனக்கு வருத்தமில்லை. வாங்கியது நான்தான் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாமல் போனதுதான் வருத்தம். தெரியாத பழி அவருக்கு வலிக்கவே இல்லை. அக்காவுக்குத்தான் வலித்தது.

ஐயர் குடும்பம் மாறுதலாகிப் போனபோது கறுப்புப் பெட்டியும் அவர்களோடு போயிற்று. சபைக்குச் சொந்தமான கவுன். ஒருவரும் கேட்கவில்லை.

ரொம்ப வருடம் கழித்து அந்த அம்மா பட்டணத்தில் போய்ச் சேர்ந்தார். நம் சபையிலிருந்து அடக்கத்துக்குப் பஸ் வைத்துப் போனார்கள், உங்களில் பலபேர் போனீர்கள். நான் போகவில்லை. மீன் வாங்கிவந்து குழம்பு வைத்தேன். உலை கொதிக்கும்போது வாசலில் யாரோ நின்றார்கள். அக்கா. முசரவாக்கத்திலிருந்து வந்திருக்கிறாள். பஸ் ஏறப் போகிறாள் என்று நினைத்தேன்.

"போகலியா?" என்றேன்.

"எதுக்கு? இன்னா மீனு?" என்று அரிவாள்மணையை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வெங்காயம் அரிந்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"ஏண்டி, அன்னிக்கு சேத்துல நல்லா பொரண்டுது இல்ல?"

அகப்பையை விட்டுவிட்டுத் திரும்பினேன். "உனக்கு... உனக்குத் தெரியுமா?"

"இன்னாது?"

"ஒண்ணுமில்ல."

"மீனப் பாரு, அடி புடிக்குது" என்றாள். கண் நிறைய வெங்காயத் தண்ணீர். ஆனால் வாய் சிரித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டோம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அக்கா போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. அப்போதும் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணின் கவுனைப் பார்த்துவிட்டு வந்து படுத்தபோதுதான் இத்தனை வருடமாகத் தோன்றாத ஒன்று தோன்றியது. நான் புணைப்புப் போட்டது இரண்டு கண்ணிக்கு மட்டும்தான். இடப்பக்கம் மட்டும். வால் மொத்தமாக விழ வேண்டுமானால் ஐந்தும் விட்டிருக்க வேண்டும். மற்ற மூன்றும் அக்கா போட்டவை. அவள் போட்ட முடிச்சு அவிழ்ந்து நான் பார்த்ததே இல்லை. அவளும் நெய்கிற வீட்டில் பிறந்தவள், புணைப்பைத் தடவினாலே தெரிந்துவிடும். "மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்று என்னை ஏன் அனுப்பினாள்? தன் மூன்று முடிச்சையும் அவிழ்த்துப் புணைப்பாக மாற்றத்தானா? அவளுக்கும் அந்தச் சமையலறைப் பேச்சு எப்படியோ காதில் விழுந்திருக்குமா? இல்லை, இரண்டு கண்ணி விட்டதும் ஈரச் சாட்டின் கனத்தில் மற்ற மூன்றும் துணியைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டனவா?

நான் தூரத்தில் நின்றேன், எனக்குத் தெரியவில்லை. ஆனால் சேற்றிலிருந்து வாலைத் தூக்கியது பூக்கூடை பிடித்து வந்த சின்னப் பெண். நம் வயதுக்காரிதான், ரோஸ் கலர் பிராக் போட்டிருந்தாள். பெயர் மறந்துவிட்டது. நீங்கள் அவளாக இருந்தால், இல்லை அவளைத் தெரிந்தவராக இருந்தால், கேட்டுச் சொல்லுங்கள். வாலின் நடுவிலும் வலப்பக்கத்திலும் துணி கிழிந்திருந்ததா? இல்லை, கிழியாமல் வெறும் நூல் மட்டும் தொங்கியதா? கிழிந்திருந்தால் அக்காவுக்கு நடந்தது எல்லாம் என்னால்தான், தலையில் போட்டுக்கொள்கிறேன். நூல் மட்டும் தொங்கியது என்றால் அந்த ஒரு வரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். முசரவாக்கத்துக் கல்லறைக்குப் போய், யார் நின்று பார்த்தாலும் பரவாயில்லை என்று, ஒரு தடவை சத்தமாகச் சிரித்துவிட்டு வர வேண்டும் எனக்கு.